மெதுவா ஓடினாலும் நாடி 170 தாண்டுது, காலையில உடம்பு எழும்ப மாட்டேங்குது. என்ன செய்யலாம்?

கொட்டகலை ஓட்டம் | ஜனவரி 12, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 29 வயசு. ஹட்டன் டவுன்ல ஒரு ஹார்ட்வெயார் கடையில வேலை, வீடு கொட்டகலைப் பக்கம் தோட்டத்துல. ஓட ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆகுது. இந்த வருசத்துக்குள்ள ஒரு அரை மரதன், 21.1 கிலோமீட்டர், நடுவுல நிக்காம ஓடி முடிக்கணும். அவ்வளவுதான் ஆசை.

காலையில அஞ்சு மணிக்குக் கிளம்புவேன். லயத்து வீட்டுல இருந்து கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் ஒரே ஏத்தம், அங்க இருந்து மெயின் ரோட்டுக்கு இறக்கம், திரும்ப அதே வழி. 7 கிலோமீட்டர். ஞாயிறு தவிர எல்லா நாளும். முதல் மூணு மாசம் நல்லா இருந்துச்சு. 46 நிமிசத்துல ஆரம்பிச்சு 41க்கு வந்தேன். அந்தச் சந்தோசத்துல தீபாவளிப் போனஸ்ல ஒரு மணிக்கூடு வாங்கினேன், மணிக்கட்டுலயே நாடி காட்டுற வகை.

அதுக்கப்புறம்தான் குழப்பம். ஈசின்னு நினைச்சு ஓடுற ஓட்டத்துக்கே 172, 175ன்னு காட்டுது. மணிக்கூட்டுக் கணக்குப்படி ஈசின்னா 115க்கும் 134க்கும் நடுவுல நிக்கணுமாம். அதுக்குள்ள நிக்கணும்னா நான் ஓடவே ஏலாது, நடக்கணும். இன்னொன்னு, காலையில படுக்கையில இருந்து எழும்ப முன்ன பார்த்தா முந்தி 58 இருந்துச்சு, இப்ப மூணு கிழமையா 67, 68. கால் ரெண்டும் ஈயம் கட்டின மாதிரி. 7 கிலோமீட்டர் திரும்பவும் 44 நிமிசத்துக்குப் போயிருச்சு. கடையில சீமெந்து மூட்டை இறக்குறப்ப முந்தி இல்லாத இளைப்பு.

எனக்கு ஹார்ட்ல ஏதும் கோளாறா? இல்ல இன்னும் கூட ஓடணுமா, குறைக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதுளை பீ.டி. மாஸ்டர் | ஜனவரி 12, இரவு 10.25

தம்பி, பயப்படாதீங்க, ஆனா விசயத்தைக் கவனமாப் பாருங்க. நான் உடற்கல்வி ஆசிரியர், பிள்ளைகளை மாகாண மட்டத்துக்குக் கூட்டிட்டுப் போற வேலையில 20 வருசம் போயிருச்சு. உங்க மாதிரிக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு வரும்.

முதல்ல அந்த 172 உண்மையான்னு பார்ப்போம். மணிக்கட்டு மணிக்கூடு பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள்ள அனுப்பி, இரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறையிறதை அந்த வெளிச்சத்துல பார்க்குது. ஜனவரி மாசம் விடிய அஞ்சு மணிக்கு நம்ம பக்கம் என்ன குளிர்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. குளிர்ல தோலுக்கு வர்ற இரத்தம் சுருங்கிரும். அதுக்கு மேல பட்டி லூசா இருந்தா மணிக்கூட்டுக்குத் துடிப்பு சரியாப் படாது, கையாட்டுற அதிர்வைத்தான் பிடிக்கும். ஓடுறப்ப நம்ம அடி நிமிசத்துக்கு 160, 170, 180ன்னு விழும். அந்த எண்ணைத் தூக்கி நாடின்னு காட்டிரும். நிறையப் பேருடைய 172 அவங்க கால் சத்தம்தான்.

அதனால நாளைக்கு ஒரு வேலை செய்யுங்க. ஏத்தம் முடியிற இடத்துல நின்ன உடனே, குரல்வளைக்குப் பக்கத்துல ரெண்டு விரலை மெதுவா வச்சு 15 செக்கன் எண்ணுங்க. நாலால பெருக்குங்க. அழுத்தி வைக்கக் கூடாது, ரெண்டு பக்கமும் சேர்த்துப் பிடிக்கவும் கூடாது. நின்ன அடுத்த நொடியில இருந்தே நாடி இறங்கத் தொடங்கிரும், அதனால சுருக்கா எண்ணணும். ஓடுறப்ப பக்கத்துல ஒருத்தர் வந்தா முழுசா ஒரு வசனம் பேச ஏலுமா, அதையும் பார்த்துச் சொல்லுங்க.

கொட்டகலை ஓட்டம் | ஜனவரி 13, மாலை 7.05

சேர், செஞ்சு பார்த்தேன். மடுவத்துக்கிட்ட நின்னப்ப மணிக்கூடு 173. விரலால எண்ணினா 39, அதாவது 156. மூணு தடவை எண்ணினேன், 38, 39, 39. பட்டியை ரெண்டு துளை இறுக்கி, மணிக்கட்டு எலும்புல இருந்து மேல தள்ளிப் போட்டப்ப இறக்கத்துல 151 காட்டுச்சு, விரலும் கிட்டத்தட்ட அதேதான்.

பேச்சு ஏலாது. நம்ம கொழுந்து லொறி டிரைவர் அண்ணன் "என்னடா நேரத்தோட?" ன்னு கேட்டாரு. "ஓடுறேண்ணே" ன்னு சொல்லவே மூச்சு வாங்குச்சு.

பதுளை பீ.டி. மாஸ்டர் | ஜனவரி 13, இரவு 9.15

பாருங்க, 17 துடிப்பு சும்மா போச்சு. ஆனா 156ம் உங்களுக்கு ஈசி இல்ல. அதைத்தான் டிரைவர் அண்ணனுக்குச் சொன்ன ஒத்தை வார்த்தை காட்டுது.

இப்ப மணிக்கூட்டுக் கணக்கு. அது 220ல வயசைக் கழிச்சு 191ன்னு உச்சத்தை, அதாவது இதயம் ஆகக் கூடினா அடிக்கிற வேகத்தை, வச்சிருக்கு, அதுல 60, 70 வீதம் எடுத்து 115, 134ன்னு சொல்லுது. 220 கழித்தல் வயசுங்கிறது 1970களில இருந்து சுத்திக்கிட்டு இருக்கிற பழைய கணக்கு, ஒரு மட்டமான அண்ணளவு. 2001ல வந்த இன்னொரு சூத்திரம் 208ல இருந்து வயசின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்லுது. உங்களுக்கு அது 188. ரெண்டுமே பல பேருடைய சராசரி. ஒரே வயசுல ஒருத்தனுக்கு 178 உச்சமாவும் இன்னொருத்தனுக்கு 202 உச்சமாவும் இருக்கலாம், ரெண்டு பேரும் சுகதேகிதான்.

அதை விட நல்ல வழி, ஓய்வு நாடியையும் கணக்குல சேர்க்கிறது. கார்வோனென் முறைன்னு சொல்லுவாங்க, 1957ல வந்தது. உச்சம் 188, நல்லா இருந்த காலத்து ஓய்வு நாடி 58. நடுவுல இருக்கிறது 130. அதுல 60 வீதம் 78, 70 வீதம் 91. ரெண்டோடயும் 58ஐக் கூட்டுங்க. 136ல இருந்து 149. உங்க ஈசி அதுக்குள்ள. மணிக்கூடு சொன்ன 115ம் இல்ல, நீங்க ஓடுற 156ம் இல்ல.

கொட்டகலை 1,200 மீட்டருக்கு மேல. அங்கேயே பிறந்து வளர்ந்த உடம்புக்கு அது பழகினதுதான், அதைக் காரணமாப் பிடிக்காதீங்க. கொழும்புல இருக்கிற தம்பி ஒருத்தன் லீவுக்கு நுவரெலியா வந்து கிரகரி வாவியைச் சுத்தி ஓடினா அது வேற கதை. அந்த 1,868 மீட்டர்ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல அஞ்சுல நாலு பங்குதான், அதே வேகத்துக்கு நாடி கூடத்தான் அடிக்கும்.

உங்க உண்மையான சிக்கல் அந்த ஏத்தம். நம்ம ஊர்ல வீட்டு வாசல்ல இருந்தே ஏத்தம் தொடங்குது. கொழும்புக்காரன் சுதந்திர சதுக்கத்துல மெதுவா ஓடலாம், நமக்கு அந்த வசதி இல்ல. அதனால ஏத்தத்துல நடங்க. ஓட்டக்காரன் நடந்தா மானம் போயிரும்னு யாரும் சொன்னா காதுல வாங்காதீங்க. நாடி 149 தாண்டுதா, நட. 140க்கு இறங்குதா, ஓடு. ரெண்டு மாசத்துக்கு அப்படித்தான்.

கவ்வாத்துக் கத்தி | ஜனவரி 14, காலை 6.30

மாஸ்டர் மேல மரியாதை வச்சுத்தான் எழுதுறேன். நான் 1980களில பாடசாலைக்காக 5,000 மீட்டர் ஓடினவன். நாடியும் கிடையாது, மணிக்கூடும் கிடையாது. வெறுங்காலோட தேயிலை மலைக் குறுக்குப் பாதையில ஏறி இறங்கினோம். ஒவ்வொரு நாளும் வாந்தி வர்ற வரைக்கும் ஓட விடுவாரு எங்க மாஸ்டர். அப்படி ஓடித்தான் மாகாணத்துல மூணாவது வந்தேன். இந்தத் தம்பிக்கு 29 வயசு, இந்த வயசுல உடம்பை வருத்தாம எப்ப வருத்துறது? நடந்து நடந்து யாரும் வேகமா ஓடினது கிடையாது.

பதுளை பீ.டி. மாஸ்டர் | ஜனவரி 14, பகல் 1.40

அண்ணே, நீங்க ஓடின மலையை நானும் ஓடியிருக்கேன், அந்தக் கஷ்டத்தை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் கேக்கிறேன். உங்க கூட அந்த வருசம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அதுல எத்தனை பேர் ரெண்டாம் வருசமும் ஓடினாங்க? நான் ஆசிரியரா வந்த புதுசுல உங்க மாஸ்டர் மாதிரியேதான் நடத்தினேன். 14 பிள்ளைகள்ல மூணு பேர் மிஞ்சினாங்க. அந்த மூணு பேரையும் மேடையில ஏத்திப் பெருமைப்பட்டேன். மத்த 11 பேர்ல ரெண்டு பேருக்குக் கெண்டைக்கால் எலும்புல வெடிப்பு. இன்னைக்கும் அது எனக்கு உறுத்துது.

கஷ்டப்பட்டு ஓடுறது வேணும். கிழமையில ஒரு நாள், கூடினா ரெண்டு நாள். நெடுந்தூர வீரர்களோட பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்தவங்க சொல்றது, அஞ்சு நாள் ஓடினா நாலு நாள் பேசிக்கிட்டு ஓடுற ஓட்டம், ஒரு நாள்தான் உயிரை விட்டு ஓடுற ஓட்டம். தம்பி என்ன செய்யிறாரு? ஆறு நாளும் நடுத்தரம். இதயமும் தசையும் திருத்திக்க நேரமும் கிடைக்கல, வேகம் கூடுற அளவுக்குக் கடுமையும் இல்ல. முதல் மூணு மாசம் எதைச் செஞ்சாலும் முன்னேற்றம் வரும். அதுக்கப்புறம் இந்த நடுத்தரம்தான் ஆளைப் பிடிச்சு வைக்கும்.

கவ்வாத்துக் கத்தி | ஜனவரி 14, இரவு 8.10

எங்களோட 20 பேர் இருந்தோம் மாஸ்டர். நீங்க கேட்டப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். ஓ/எல் முடியிறப்ப நாலு பேர்.

வார்டு ராத்திரி | ஜனவரி 15, விடியற்காலை 3.20

நைட் டியூட்டியில இருந்து எழுதுறேன். கண்டிப் பக்கம் தாதி. தம்பியோட முதல் பதிவுல என் கண்ணுல பட்டது அந்தக் காலை நாடிதான். 58ல இருந்து 68, அதுவும் மூணு கிழமை.

ஒரு நாள் கூடினா கவலை இல்ல. முந்தின நாள் ராத்திரி லேட்டாச் சாப்பிட்டாலோ, சாராயம் குடிச்சாலோ, தண்ணி போதாம இருந்தாலோ கூடும். தொடர்ந்து சில நாள் வழக்கத்தை விட அஞ்சாறு துடிப்பு கூடவே இருந்தா உடம்பு இன்னும் முந்தைய வேலையில இருந்து மீளலன்னு அர்த்தம், இல்லாட்டி காய்ச்சல் ஏதும் வரப் போகுது. தம்பி, நீங்க எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க?

இன்னொரு சுலபமான அளவு சொல்றேன். கடுமையா ஓடி நின்ன நொடியில ஒரு தடவை, சரியா ஒரு நிமிசம் கழிச்சு இன்னொரு தடவை நாடி பாருங்க. எவ்வளவு இறங்குதுன்னு குறிச்சு வைங்க. உடம்பு ஓடுறப்ப இதயத்தை விரட்டுற நரம்பு ஒண்ணு, நின்ன பிறகு கடிவாளம் பிடிக்கிற நரம்பு ஒண்ணு. அந்தக் கடிவாளம், வேகஸ் நரம்பு, எவ்வளவு சுருக்கா வேலைக்கு வருதுன்னு முதல் நிமிசம் காட்டிரும். 1999ல அமெரிக்காவுல 2,428 பேரை வச்சுச் செஞ்ச ஒரு ஆய்வுல, நடை மெசின்ல ஏத்தி நிறுத்தின பிறகு முதல் நிமிசத்துல 12 அல்லது அதுக்குக் குறைவா இறங்கினவங்களுக்கு அடுத்த ஆறு வருசத்துல மரண ஆபத்து கூட இருந்துச்சு. அவங்க சராசரி வயசு 57, இதய நோய் இருக்கான்னு பார்க்க வந்தவங்க. நின்னதும் மெதுவா நடக்க விட்டுத்தான் அளந்தாங்க. அதனால 29 வயசுக்காரர் அந்த 12ஐ வச்சு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்க வேணாம். உங்களோட உங்களையே ஒப்பிட்டுப் பாருங்க, அதே மேடு, அதே நேரம், அதே மாதிரி நின்னு. ஓட்டம் முடிஞ்சதும் சடார்னு உக்காராதீங்க, கால்ல தேங்கின இரத்தம் மேல வராம தலை சுத்தும்.

இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க: ஓடுறப்ப நெஞ்சுல அமுக்கம், மயக்கம், நாடி தாறுமாறா அடிக்கிறது, குடும்பத்துல சின்ன வயசுலயே திடீர்னு இறந்தவங்க. இதுல ஒண்ணு இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திட்டு ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுங்க. நெஞ்சு வலியோ மயக்கமோ வந்த நேரத்துல 1990 அம்புலன்சுக்கு கோல் எடுங்க, பஸ்ஸுக்குக் காத்து நிக்காதீங்க. காய்ச்சலோட ஓடவே கூடாது. டெங்கு வந்து எழும்பினவங்க டொக்டர்கிட்டக் கேக்காம திரும்ப ஓடக் கூடாது.

கொட்டகலை ஓட்டம் | ஜனவரி 15, இரவு 9.50

நன்றி அக்கா. நெஞ்சு வலி, மயக்கம் ஒண்ணும் இல்ல. குடும்பத்துலயும் அப்படி யாரும் இல்ல. படுக்க 11 மணி ஆகும், 4.30க்கு அலாரம்.

இன்னைக்கு மேட்டு உச்சியில நின்னு 10 செக்கன் எண்ணி ஆறால பெருக்கினேன். 174. ஒரு நிமிசத்துல 156. 18 தான் இறங்குச்சு.

மேட்டுலயம் | ஜனவரி 16, மாலை 6.15

அண்ணா, நான் தலவாக்கலைப் பக்கம். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல பிள்ளைகளைப் பார்த்துக்கிற வேலை, ஸ்கூல் காலத்துல இருந்து வலைப்பந்து ஆடுறேன். என் கதையைச் சொல்றேன், உங்களுக்கு உதவுமா பாருங்க.

ரெண்டு வருசத்துக்கு முந்தி எனக்கும் இதே மாதிரி. மைதானத்துல ரெண்டு சுத்து ஓடினா நெஞ்சு படபடன்னு அடிக்கும், பீலிக்கரையில இருந்து ஒரு குடம் தூக்கிட்டு வந்தா இஸ்தோப்புல உக்காந்துதான் மூச்சு வாங்கணும். பயிற்சி போதலன்னு நினைச்சு இன்னும் கூட ஓடினேன். கடைசியா கிளினிக்ல இரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12 இருக்கணும். இரத்தத்துல ஒட்சிசன் சுமக்கிற ஆள் குறைஞ்சா இதயம் அதே வேலைக்குக் கூட தடவை அடிக்கத்தானே வேணும். எந்த மணிக்கூடும் இதைச் சொல்லல.

அங்க இருந்த மிஸ் கேட்ட முதல் கேள்வி, "சாப்பாட்டோட சாயத்தண்ணி குடிக்கிறீங்களா?" பால் போடாத தேத்தண்ணியைத்தான் சொன்னாங்க. எங்க வீட்டுல ரொட்டிக்கும் சாயத்தண்ணி, சோத்துக்குப் பிறகும் சாயத்தண்ணி. கீரை, பருப்புல இருக்கிற இரும்புச் சத்தைத் தேயிலையில இருக்கிற துவர்ப்பு உடம்புல சேர விடாதாம். நாள் முழுக்க நாங்க பறிக்கிற கொழுந்தே எங்க இரத்தத்துக்குப் பிடிக்கிற விலை இது. அன்னைல இருந்து சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் தேத்தண்ணி. இரும்பு மாத்திரைய தோடம்பழச் சாறோட எடுத்தேன், மூணு மாசத்துக்கு மேல. அதே ரெண்டு சுத்துக்கு 170க்கு மேல போன நாடி 150க்கு வந்துச்சு. பயிற்சி ஒண்ணும் மாத்தல. நீங்களும் ஒரு தடவை பாருங்க. ஆனா பார்க்காம கடையில மாத்திரை வாங்கிப் போடாதீங்க, இரும்பு கூடினாலும் கேடு.

இன்னொன்னு. போன மாசம் என் மணிக்கூட்டை ஒரு நாள் அம்மா கையில கட்டி விட்டேன். காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போறதுல இருந்து சாயந்தரம் கொழுந்து நிறுத்துட்டு வர்ற வரைக்கும். கொழுந்து பறிக்கிற நேரம் முழுக்க 95, 105, 110. நிறைஞ்ச கூடையோட மடுவத்துக்கு ஏர்றப்ப 138. எட்டு மணித்தியாலம். அம்மாவுக்கு 51 வயசு, அவங்களை யாரும் விளையாட்டு வீராங்கனைன்னு சொல்ல மாட்டாங்க. அந்த நாடி வரைபடத்தைப் போன்ல பார்த்துட்டு ரொம்ப நேரம் நான் பேசாம இருந்தேன்.

அண்ணா, நீங்க ஆறு நாள் ஓடுறதை மட்டும் எழுதியிருக்கீங்க. நாள் முழுக்க நின்னு சீமெந்து மூட்டை இறக்குறதை எழுதிட்டு அதைக் கணக்குல சேர்க்கல. ஒரு மூட்டை 50 கிலோ. உங்க இதயத்துக்கு அது வேலை, இது பயிற்சின்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

(பெண்களுக்கு ஒரு வார்த்தை: மாதவிடாய்க்கு முந்தின பத்துப் பன்னிரண்டு நாள் காலை நாடி ரெண்டு மூணு துடிப்பு கூட இருக்கிறது வழமை. அதை வச்சுப் பயப்பட வேணாம்.)

நல்லதண்ணி மலையேறி | ஜனவரி 17, இரவு 7.30

தங்கச்சி எழுதினதைப் படிச்சு மனசு நிறைஞ்சு போச்சு. நாடி காட்டாத இன்னொரு விசயத்தை நான் சொல்றேன், இறக்கம்.

வருசா வருசம் சீசன்ல சிவனொளிபாத மலை ஏறுவேன், நல்லதண்ணிப் பக்கத்தால. 5,000 படிக்கு மேல, உச்சி 2,243 மீட்டர். மூணு வருசத்துக்கு முந்தி நானும் நாடி பார்க்கிற நெஞ்சுப் பட்டி கட்டிட்டுப் போனேன். ஏர்றப்ப 150, 160. மேல குளிர்ல உக்காந்து சூரியன் வர்ற வரைக்கும் இருந்துட்டு, இறங்கிறப்ப பார்த்தா 105, 110. சும்மா டவுன்ல நடக்கிற நாடி. அதை நம்பி குதிச்சுக் குதிச்சு இறங்கினேன். அன்னைக்கு ஒண்ணுமில்ல. அடுத்த நாள் தொடை இறுகுச்சு. மூணாம் நாள் லயத்துப் படி ஆறு படிதான், பின்பக்கமாத் திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினேன். என் மகள் கையைக் குடுத்துத் தாங்கினா.

ஏர்றப்ப தசை சுருங்கி வேலை செய்யுது, அதுக்கு இரத்தமும் ஒட்சிசனும் கூட வேணும், நாடி ஏறுது. இறங்கிறப்ப அதே தொடைத் தசை நீண்டுகிட்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்குது. ஒட்சிசன் கொஞ்சம் போதும், ஆனா தசை நார் நுணுக்கமாக் கிழியிறது அதுலதான். வலி ஒரு நாள்ல இருந்து மூணு நாளுக்குள்ள உச்சத்துக்கு வரும். நாடி 110ன்னு ஈசி நாளாக் கணக்கு வச்சா ஏமாந்து போவீங்க. உங்க 7 கிலோமீட்டர்ல பாதி இறக்கம் தம்பி, அதை ஆறு நாளும் 41 நிமிச வேகத்துல இறங்கியிருக்கீங்க. கால் ஈயமா இருக்காம என்ன செய்யும்?

ஒரு நல்ல விசயம், தசை மறக்காது. கொஞ்சமா இறங்கிப் பழகினா அடுத்த தடவை வலி பாதியும் வராது. இப்ப நான் மலைக்குப் போக ரெண்டு மூணு கிழமைக்கு முந்தியே சின்னச் சின்ன இறக்கத்துல பழகிக்கிறேன். அடியைச் சின்னதா வைங்க, முழங்காலைக் கொஞ்சம் மடிச்சே வைங்க, குதிகாலை முன்ன நீட்டி பிரேக் போடாதீங்க.

அப்புத்தளைக் காத்து | ஜனவரி 18, காலை 8.00

இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கணும். எங்க அப்பாவுக்கு 61 வயசு. பிரசர், ஹார்ட் ரெண்டுக்கும் அட்டெனோலோல் குடிக்கிறாரு. டொக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. என் மணிக்கூட்டைக் கட்டி நடக்க விட்டா 98க்கு மேல போகவே மாட்டேங்குது. இன்னும் வேகமா நடக்கச் சொல்லவா?

வார்டு ராத்திரி | ஜனவரி 18, காலை 9.10

வேணாம், வேணவே வேணாம். அந்த மாத்திரை இதயத்தோட வேகத்துக்கு மூடி போடுற வகை. அவருக்கு 220 கணக்கும் பொருந்தாது, 208 கணக்கும் பொருந்தாது. நாடியை ஏத்துறதுக்காக விரட்டினா அவருடைய இதயம்தான் கஷ்டப்படும். மணிக்கூட்டைக் கழட்டி வச்சுட்டு நீங்க பக்கத்துல நடங்க. ஊர்க்கதை பேசிக்கிட்டே வரணும், பாட்டுப் பாடுற அளவுக்கு லேசாவும் இருக்கக் கூடாது. சுவீடன்காரர் குன்னார் போர்க் செஞ்ச 6ல இருந்து 20 வரைக்குமான அளவு ஒண்ணு இருக்கு. 6ன்னா சும்மா இருக்கிறது, 20ன்னா இதுக்கு மேல ஏலாது. அப்பாகிட்டயே கேளுங்க, "எத்தனைப்பா?" ன்னு. 11, 12, 13ன்னு சொன்னா நல்லது. அப்புத்தளை ரோட்டுல மட்டமான துண்டைப் பார்த்து நடக்க விடுங்க. மாத்திரையைத் தானா நிறுத்தக் கூடாது, அடுத்த கிளினிக்ல எவ்வளவு நடக்கலாம்னு கேட்டுக்குங்க.

கொட்டகலை ஓட்டம் | மார்ச் 8, மாலை 5.20

ஏழு கிழமை கழிச்சு வர்றேன். எல்லாரும் சொன்னதைச் செஞ்சேன், எண்களோட எழுதுறேன்.

முதல் பத்து நாள் ஓடவே இல்ல. தூங்கினேன். 9.30க்குப் படுக்கை. அஞ்சாம் நாள்தான் காலை நாடி 64க்கு வந்துச்சு, பத்தாம் நாள் 60. ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தேன், ஒண்ணுமில்லன்னாங்க. ஹீமோகுளோபின் 13.8. தங்கச்சி சொன்ன மாதிரி சாயத்தண்ணியைச் சோத்துல இருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி வச்சிருக்கேன், அம்மாவும் சேர்ந்து.

அதுக்கப்புறம் கிழமைக்கு நாலு நாள். மூணு நாள் 149க்குக் கீழ, ஒரு நாள் மட்டும் கடுமை. லொறியில சீமெந்து வர்றது செவ்வாயும் வெள்ளியும், அந்த ரெண்டு நாளும் ஓட்டம் கிடையாது. முதல் கிழமை மடுவத்து ஏத்தத்துல முக்கால்வாசி நடந்தேன். கொழுந்துக்குப் போற அக்காமார் கூடையோட என்னைத் தாண்டிப் போனாங்க. ஒருத்தங்க நின்னு "தம்பிக்கு சுகமில்லையா?" ன்னு கேட்டாங்க. அந்த நேரம் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. மூணாம் கிழமை பீலிக்கரை வரைக்கும் 148ல ஓட ஏலுமாச்சு. போன கிழமை மடுவம் வரைக்கும் நடக்காம ஓடினேன், 149 தாண்டல. டிரைவர் அண்ணன் லொறியை மெதுவா உருட்டிக்கிட்டு வந்து கதை குடுத்தாரு, அவர் மகளோட ஸ்கொலசிப் ரிசல்ட் பத்தி. நானும் முழுசாப் பதில் சொல்லிக்கிட்டே ஓடினேன்.

இறக்கத்துல அடியைச் சின்னதா வைக்கிறேன். முதல்ல நேரம் கூடுச்சு, இப்ப கால் வலி இல்ல.

காலை நாடி இப்ப 59. மேட்டு உச்சியில நின்ன பிறகு ஒரு நிமிசத்துல 175ல இருந்து 141க்கு இறங்குது, 34. ஜனவரியில 18. 7 கிலோமீட்டர் கடுமையான நாள்ல 39 நிமிசம் 50 செக்கன்.

முந்தாநாள் கூட்டாளி ஒருத்தன்கிட்ட நெஞ்சுப் பட்டி இரவல் வாங்கி, மூணு நிமிச ஏத்தத்தை மூணு தடவை, கடைசித் தடவை மிச்சம் வைக்காம ஓடிப் பார்த்தேன். காட்டின உச்சம் 193. மாஸ்டர், இனி எந்த எண்ணுக்குள்ள ஓடணும்?

கவ்வாத்துக் கத்தி | மார்ச் 8, இரவு 7.45

39.50. நல்லா ஓடியிருக்கீங்க தம்பி. நடந்து நடந்து யாரும் வேகமா ஓடினதில்லன்னு நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். என் பேரன் ஆறாம் வகுப்புல ஓடத் தொடங்கியிருக்கான், அவனை இப்படித்தான் விடப் போறேன்.

பதுளை பீ.டி. மாஸ்டர் | மார்ச் 8, இரவு 9.00

தம்பி, படிச்சு முடிச்சதும் என் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

உச்சம் 193, ஓய்வு 59, நடுவுல 134. 60 வீதம் 80, 70 வீதம் 94. அப்ப 139ல இருந்து 153. உங்க பழைய எல்லையை விட நாலு துடிப்பு கூட, அவ்வளவுதான். கடுமையான நாளுக்கு 170க்கு மேல, நாலு நிமிசம் ஓடி மூணு நிமிசம் நடை, நாலு தடவை போதும். நீண்ட ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வச்சு ரெண்டு கிழமைக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டுங்க, இப்போதைக்கு 12ல நிறுத்துங்க. கடைசி மூணு கிலோமீட்டர்ல வேகம் மாறாமலே நாடி ஏழெட்டு ஏறும். வியர்த்துத் தண்ணி குறையிறதால வர்றது அது, வேகத்தைக் குறைச்சு அதே எண்ணுக்குள்ள நில்லுங்க.

இனி பின்னேர மழை தொடங்கிரும். மடுவத்து இறக்கத்துல பாசி பிடிச்ச கொங்கிரீட் துண்டு இருக்கும், அதுல நடந்தே போங்க.